மூக்கொழுகும் குழந்தை: ஒவ்வாமையா, சைனஸ் தொற்றா?

சிறு குழந்தைகளுக்கு மூக்கொழுகலும் மூக்கடைப்பும் ஒவ்வாமையாலும் வரலாம். மூக்கைச் சுற்றியுள்ள காற்றறைகளான சைனஸ்களில் ஏற்படும் தொற்றாலும் வரலாம். இரண்டிற்கும் சிகிச்சை வேறு. எனவே கீழ்க்காணும் அறிகுறிகளைக் கவனியுங்கள்.

ஒவ்வாமையின் அறிகுறிகள்
அரிப்பே இதன் முதன்மை அடையாளம். குழந்தை மூக்கை உள்ளங்கையால் மேல்நோக்கித் தேய்க்கும்; கண்களைக் கசக்கும்; அடுக்கடுக்காகத் தும்மும். மூக்கிலிருந்து தெளிந்த நீர் வடியும். காய்ச்சல் இராது. தூசி போன்றவை படும்போது தொல்லை அதிகரிக்கும்.

சைனஸ் தொற்றின் அறிகுறிகள்
இது பெரும்பாலும் சாதாரணச் சளியைத் தொடர்ந்து வரும். பின்வருவனவற்றுள் ஒன்று இருப்பினும் மருத்துவரை அணுகுங்கள்:
• மூக்கொழுகல் அல்லது பகல்நேர இருமல் 10 நாட்களுக்கு மேலும் குறையாதிருத்தல்
• குணமாகத் தொடங்கிய பின் சளியோ காய்ச்சலோ மீண்டும் தீவிரமடைதல்
• 39 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேற்பட்ட காய்ச்சலும் கெட்டியான சளியும் தொடர்ந்து 3 நாட்கள் இருத்தல்

3 மாதத்திற்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் காத்திராமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

சளியின் நிறம்
சாதாரண வைரஸ் சளியிலும் சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறுவது இயல்பே. நிறத்தை மட்டும் கண்டு ஆன்டிபயாடிக் மருந்து கொடுக்காதீர்கள். ஒவ்வாமைக்கும் வைரஸ் சளிக்கும் அம்மருந்து பயன் தராது. முன்பு எழுதித்தந்த மருந்தை மீண்டும் வாங்கிக் கொடுப்பதையும் தவிருங்கள்.

உடனடி சிகிச்சை தேவைப்படும் நிலைகள்
கண்ணைச் சுற்றி வீக்கம், கடும் தலைவலி, தொடர் வாந்தி, கழுத்து விறைப்பு, எழுப்பினாலும் விழிக்காத அளவு தூக்கம் ஆகியவற்றுள் எது காணப்பட்டாலும் குழந்தையை உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.