கடையின் பெயரும் வணிகச் சின்னமும்

நிறுவனத்தின் பெயரைப் பதிவு செய்துவிட்டால் அப்பெயர் தமக்கே உரியதாகிவிடும் என்று சிங்கப்பூரில் தொழில் தொடங்குவோர் பலர் நம்புகின்றனர். இந்நம்பிக்கை சரியன்று. இன்ன பெயரில் இன்னார் தொழில் நடத்துகிறார் என்பதை அரசின் பதிவேட்டில் குறிப்பதே நிறுவனப் பதிவு. அப்பெயரைப் பொருளின்மீது பொறித்து விற்கும் தனியுரிமையைத் தருவது வணிகச் சின்னப் பதிவாகும். முறைப்படி பதிவு பெற்ற நிறுவனப் பெயர்கூடப் பிறரது சின்னத்தை மீறுவதாக அமையக்கூடும்.

ஒருவருடைய பொருளையோ சேவையையோ மற்றவருடையதிலிருந்து பிரித்துக் காட்டும் அடையாளமே வணிகச் சின்னம். சொல், கையொப்பம், எழுத்து, எண், ஓவியம் ஆகியவையும் இவற்றின் சேர்க்கையும் பெருவழக்காக உள்ளன. வண்ணம், வடிவம், ஒலி, அசையும் உருவம் ஆகியவற்றையும் பதியலாம். ஒரு சங்கத்தின் உறுப்பினர்களை அடையாளம் காட்டுவது கூட்டுச் சின்னம்; பொருளின் தரத்திற்கோ தோற்றத்திற்கோ சான்று பகர்வது சான்றுச் சின்னம்.

ஆயினும் எல்லா அடையாளமும் பதிவுக்கு உரியதன்று. மசாலைத் தூள் அரைத்து விற்கும் ஒருவர் அதற்குக் ‘காரம்’ என்று பெயரிடுவதாகக் கொள்வோம். காரம் அப்பொருளின் இயல்பு. அச்சொல் அதை விற்கும் அனைவருக்கும் வேண்டியதாகையால் ஒருவருக்கு மட்டும் உரிமையாக்க இயலாது. தமிழில் எழுதியதால் இத்தடை நீங்கிவிடாது; விண்ணப்பத்தில் தமிழ்ச் சொல்லின் ஒலிபெயர்ப்பையும் பொருளையும் தருதல் வேண்டும். மாறாக, மசாலையோடு தொடர்பற்ற ‘ஊஞ்சல்’ என்னும் சொல்லோ புதிதாகப் புனைந்த சொல்லோ வலிமையான சின்னமாகும்.

இதை விளக்கும் தீர்ப்புகள் இரண்டு. கிட்கேட் சாக்லேட்டின் இரண்டு விரல், நான்கு விரல் வடிவங்களுக்கான பதிவு செல்லாது என்று சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2016இல் முடிவு செய்தது. ஒரு வடிவத்தை மக்கள் அறிந்திருப்பது மட்டும் போதாது. அவ்வடிவத்தைக் கொண்டே அது யாருடைய பொருள் என்று அவர்கள் தெளிய வேண்டும். 2012இல் அதே நீதிமன்றம், ஓர் உணவகம் தன் பானத்திற்கு இட்ட ‘நுட்டெல்லோ’ என்னும் பெயர் ‘நுட்டெல்லா’ என்னும் பதிவுபெற்ற சின்னத்தை மீறுவதாகத் தீர்ப்பளித்தது. ஓரெழுத்து மாற்றம் காப்பாகவில்லை.

பதிவு நாடுவோர் முதலில் சிங்கப்பூர் அறிவுசார் சொத்து அலுவலகத்தின் பதிவேட்டில் ஒத்த சின்னம் உண்டா என்று தேட வேண்டும். அடுத்து வகுப்பைத் தெரிவு செய்ய வேண்டும். உலக வழக்கின்படி பொருள்களுக்கு 34, சேவைகளுக்கு 11 என மொத்தம் 45 வகுப்புகள் உள்ளன. மசாலைத் தூள் 30ஆம் வகுப்பிலும் உணவகச் சேவை 43ஆம் வகுப்பிலும் அடங்கும். இரண்டையும் நடத்துபவர் இரண்டு வகுப்பிலும் பதிதல் நன்று. அலுவலர் ஆய்ந்து ஏற்றபின் விண்ணப்பம் வெளியிடப்படும். இரண்டு மாதங்களுக்குள் மறுப்பு எழாவிடில் சின்னம் பதிவாகும். அவ்வுரிமை விண்ணப்ப நாள் தொட்டுப் பத்தாண்டு நிலைக்கும். பத்தாண்டுக்கொரு முறை புதுப்பிக்கலாம். தக்க காரணமின்றி ஐந்தாண்டு தொடர்ந்து பயன்படுத்தாவிடில் பிறர் அதை நீக்கக் கோரலாம். பதிவு கிட்டுமுன்பே பதிவுபெற்றதாகக் காட்டிக்கொள்வது குற்றமாகும்.

இவ்வுரிமை நாட்டின் எல்லைக்கு உட்பட்டது. ஜொகூரில் விற்க விரும்புவோர் மலேசியாவிலும் காப்புத் தேட வேண்டும். மட்ரிட் உடன்பாட்டில் சிங்கப்பூர் 2000இலும் மலேசியா 2019இலும் இணைந்தமையால், இங்கிருந்தே அதற்கு விண்ணப்பிக்கலாம்.

பதியாத சின்னத்திற்குச் சட்டக் காப்பே இல்லை என்பதில்லை. எனினும் வழக்காடுபவர் தம் நற்பெயரையும், பிறர் மக்களை மயக்கியதையும், அதனால் நேர்ந்த இழப்பையும் நிறுவ வேண்டும். சிறு கடைக்காரருக்கு இது பெருஞ்சுமை. தந்தை நாற்பதாண்டு உழைத்து ஈட்டிய பெயரை மகள் வழக்கு மன்றத்தில் மெய்ப்பிக்க நேர்வதைவிட, கடைக்குப் பெயர் சூட்டும் நாளிலேயே அதைப் பதிவதைப் பற்றி எண்ணுவது எளிது.