ஒல்லாந்தர் கற்ற பாடம்

பழவேற்காட்டில் ஒல்லாந்தரின் பழைய கல்லறைகளை இன்றும் காணலாம். 1613ல் அவர்கள் அங்கே எழுப்பிய கெல்திரியாக் கோட்டை மண்மேடாகிவிட்டது. இவ்வூரிலிருந்து நம்மவரை அடிமைகளாகக் கப்பலேற்றியவர்களும் அவர்களே. ஆதலால் அவர்களுக்குப் புகழ்மாலை சூட்ட நாம் முன்வரவில்லை. எனினும், தங்கள் சொந்த தேசத்தில் கடல் புகுந்தபோது அவர்கள் செய்த காரியம் பொன்னேரித் தாலுகாவின் கடலோர ஜனங்கள் அறிய வேண்டியதொன்றாகும்.

1953 ஜனவரி 31ந் தேதி இரவு, வட கடலில் எழுந்த கடும் புயல், பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஓதத்தோடு சேர்ந்து ஒல்லாந்தின் தென்மேற்குக் கரைகளை உடைத்தது. உறங்கிக்கொண்டிருந்த கிராமங்களில் 1,836 பேர் மாண்டனர். கரைகள் பலவீனமாயிருப்பதை அரசாங்க எஞ்சினியரான யோஹான் வான் வேன் முன்னரே எடுத்துக் கூறியிருந்தார்; கேட்பாரில்லை. பிணங்களை எண்ணிய பின்னர்தான் செவி திறந்தது! ஆனால் திறந்த செவி மறுபடி மூடவில்லை. அந்தப் பிப்ரவரி மாதத்திலேயே கமிஷன் நியமனமாயிற்று. 1958ல் சட்டம் பிறந்தது. கழிமுகங்களை அடைக்கும் வேலை 1997 வரையில் நடந்தது.

இதில் நாம் முக்கியமாகக் கருதுவது கிழக்கு ஷெல்ட் என்னும் கழிமுகத்தின் கதையே. அதை அணையிட்டு முற்றிலும் மூடிவிடுவதென்பது முதல் திட்டம். மூடினால் உப்புநீர் போய்விடும், சிப்பியும் மீனும் அழியும் என்று மீனவரும் இயற்கை ஆர்வலரும் கிளர்ச்சி செய்தனர். சர்க்கார் பணிந்தது. 1986ல் முடிந்த அணையில் 62 இரும்புக் கதவுகள் உள்ளன. சாதாரண நாட்களில் அவை திறந்தே இருக்கும், பெரும்புயல் வரும்போது மட்டும் இறங்கும். செலவு பல மடங்கு அதிகரித்தது. ஆயினும் பாதுகாப்புக்குப் பாதுகாப்பு, பிழைப்புக்குப் பிழைப்பு.

நமக்கும் ஒரு நாள் வந்தது. 2004 டிசம்பர் 26ந் தேதி ஆழிப்பேரலை தமிழ்நாட்டில் சுமார் 8,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று. அதன் பயனாக 2007ல் ஹைதராபாத்தில் எச்சரிக்கை நிலையம் ஏற்பட்டது, மெச்சத்தக்கதே. கரையோரமெங்கும் கற்கள் கொட்டப்பட்டன, தூண்டில் வளைவுகள் எழுந்தன. ஆனால் கடலை மறிக்கும் கல் எதுவோ அதுவே மணலையும் மறிக்கும் என்பதை யோசித்தவர் எத்தனை பேர்? நமது கீழ்க்கரையில் மணல், ஆண்டுக் கணக்கில் பார்த்தால், தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. சென்னைத் துறைமுகம் கட்டியதும் தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரமும் திருவொற்றியூரும் கரைந்தன. நூறாண்டுக்கும் மேற்பட்ட இந்த அனுபவத்துக்குப் பிறகே 2001ல் எண்ணூரிலும் 2013ல் காட்டுப்பள்ளியிலும் புதிய துறைமுகங்கள் வந்தன. அவற்றுக்கு வடக்கே இருப்பது பழவேற்காடு. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மெல்லிய மணற்திட்டு. காட்டுப்பள்ளியை விஸ்தரிக்கும் திட்டம் வெளியானபோது, அத்திட்டு அறுபட்டால் ஏரியும் போய் ஊரும் போகும் என்று மீனவர் கூக்குரலிட்டது வீண் பயமன்று.

துறைமுகமே வேண்டாமென்று நாம் கூறவில்லை. கும்மிடிப்பூண்டி ஆலைகளை நம்பிப் பல்லாயிரம் தொழிலாளர் ஜீவிக்கின்றனர். சரக்குக்குத் துறை வேண்டும். ஆனால் விசாகப்பட்டினத்தில் துறைமுகம் தடுத்த மணலை வாரி வடகரையில் இறைக்கும் வழக்கம் வெகுகாலமாக உண்டே! அதை எண்ணூரில் நிரந்தர ஏற்பாடாக்குவதற்கு என்ன தடை? இங்கே ஆண்டுதோறும் எந்தக் கிராமத்தில் எத்தனை கெஜம் கரை போயிற்று என்ற கணக்கைத் தமிழில் அச்சிட்டு ஊர்ச் சாவடிகளில் ஒட்டுவதற்கு எந்தச் சட்டம் குறுக்கே நிற்கிறது? முகத்துவாரம் எம்மாதத்தில் தூர்கிறது, எக்காற்றில் திறக்கிறது என்பதைப் பாட்டன் காலமுதல் அறிந்தவர் பழவேற்காட்டு மீனவர். அடுத்த கல்லைப் போடுமுன், அவர்களில் சிலரை ஆலோசனைச் சபையில் வாக்குரிமையுடன் அமர்த்தவேண்டுமென்று சர்க்காரைக் கேட்கிறோம்.