வாஷர் தேய்ந்தால் யார் வருவார்?

பெயரில் சமுத்திரம் இருக்கிறதே என்று பாலசமுத்திரத்தில் கடலைத் தேடக்கூடாது. ராயலசீமையிலும் தமிழ்நாட்டிலும் பெரிய ஏரி வெட்டினால் அதைச் சமுத்திரம் என்று அழைப்பது பழைய வழக்கம். அனந்தபூர் பக்கத்தில் புக்கராயசமுத்திரம், தெற்கே அம்பாசமுத்திரம், சித்தூரின் தமிழக எல்லையோரம் பாலசமுத்திரம். மழையை நம்பி வாழ்கிற வறண்ட சீமையில் நிறைந்த ஏரியைக் கண்ட சந்தோஷத்தில் வைத்த பெயர்களாகத்தான் இருக்கவேண்டும்.

இந்தப் பக்கத்து ஊர்களில் ஏரிக்கு அடுத்தபடியாகத் தண்ணீர் என்றதும் நினைவுக்கு வருவது தெருமுனையில் நீண்ட கைப்பிடியோடு நிற்கிற இரும்புப் பம்பு. தெலுங்கில் அது போரிங்கு. எல்லை தாண்டினால் அடிபம்பு. அரசாங்கம் போட்ட குழாய் என்று ஊரார் கடந்துபோகிற அந்தப் பம்பின் பூர்வீகத்தைத் தோண்டினால், கடல் கடந்து வந்த மிஷன் ஊழியர்களும் சென்னைத் தொழிற்சாலை ஒன்றும் கோயம்புத்தூர் கிராமங்களும் வரிசையாக வெளியே வருகின்றன.

அதற்கு முன் வெளியூர்க் கதை ஒன்று. பிறர் தாகம் தீர்க்கப் பயணம் போவது இன்று மேல்நாடுகளில் ஒரு தனி உலகம். கோடை விடுமுறையில் தேவாலயக் குழுக்களும் கல்லூரி மாணவர்களும் இரண்டு வாரம் ஆப்பிரிக்காவுக்கோ மத்திய அமெரிக்காவுக்கோ போய், ஆழ்துளைக் கிணறு போட உதவிவிட்டுத் திரும்புகிறார்கள். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத் தேவாலயத்தார் சிலர் 1990-ல் கென்யாவுக்குப் போன பயணத்திலிருந்து பிறந்ததுதான் ‘லிவிங் வாட்டர் இன்டர்நேஷனல்’ என்ற அமைப்பு. போகிறவர்களின் நல்ல மனசைச் சந்தேகிக்க ஒன்றுமில்லை. முதல் குடம் நிறையும்போது குழந்தைகள் போடுகிற கூச்சலும் நிஜம்தான். விமானம் ஏறிய பிறகு நடப்பதுதான் புகைப்படத்தில் வருவதில்லை. ஆப்பிரிக்காவில் சகாராவுக்குத் தெற்கே உள்ள கைபம்புகளில் சுமார் 36 சதவீதம் ஓடவில்லை என்று ஊரகக் குடிநீர் வல்லுநர்களின் கூட்டமைப்பு 2009-ல் கணக்குச் சொன்னது. மூன்றில் ஒன்றுக்கும் மேல்.

இதில் மிகவும் பேசப்பட்டது ‘பிளேபம்ப்’. குழந்தைகள் ராட்டினம் சுற்றினால் தண்ணீர் மேலே ஏறும் என்ற தென்னாப்பிரிக்க யோசனை. கேட்டவுடன் பிடித்துப் போகிற யோசனை. 2006-ல் அமெரிக்காவில் 1.64 கோடி டாலர் தருவதாக மேடையில் அறிவித்தார்கள். ஆனால் குழந்தை விளையாடுவது அதற்குத் தோன்றும்போது; தாய்க்குத் தண்ணீர் வேண்டியது விடியற்காலையில். கடைசியில் பெண்கள்தான் குனிந்து அந்த ராட்டினத்தைத் தள்ளினார்கள். பழுதானால் கை வைக்க ஊரில் ஆளில்லை. சில வருடங்களிலேயே பணம் கொடுத்தவர்களே தோல்வியை ஒப்புக்கொண்டார்கள்.

அவர்களைப் பார்த்து நாம் சிரிக்க நியாயமில்லை. இதே கூத்து இங்கே முன்னாடியே நடந்து முடிந்தது.

1966-67 பீகார் வறட்சியின்போது பாறையைத் துளைக்கும் ரிக் இயந்திரங்களை யுனிசெஃப் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. அதுவரை கிணறு வெட்டவே வழியில்லாத கருங்கல் பூமியில் சில நாட்களில் ஆழ்துளை இறங்கியது. ஊர் ஊராகத் துளை போட்டு மேலே வார்ப்பிரும்புப் பம்பைப் பொருத்தினார்கள். 1974 வாக்கில் போய்ப் பார்த்தால் நான்கில் மூன்று பம்பு ஓடவில்லை. காரணம் சிக்கலானது ஒன்றுமில்லை. மேல்நாட்டுப் பண்ணை வீட்டில் ஒரு குடும்பம் ஒரு நாளைக்கு நாலு வாளி இறைக்கச் செய்த பம்பின் நகல் அது. இங்கே ஒரு தெருவே அதன்முன் குடம் வைத்து வரிசை கட்டியது. கருக்கலில் ஆரம்பிக்கிற அடி ராத்திரிவரை ஓயாது. மூட்டாணி தேய்ந்தது, கைப்பிடி ஆடியது, வார்ப்பு உடைந்தது.

விடை மகாராஷ்டிரத்தில் இருந்தது. ஜால்னாவிலும் சோலாப்பூரிலும் வேலை செய்த கிறிஸ்தவ மிஷன்கள் அறுபதுகளின் கடைசியிலேயே இந்தத் தலைவலியை அனுபவித்துவிட்டன. இவர்கள் இரண்டு வார விருந்தாளிகள் இல்லை. உள்ளூரிலேயே பட்டறை போட்டு உட்கார்ந்தவர்கள். போட்ட பம்பு பழுதானால் ஊரார் வந்து நிற்பது இவர்கள் வாசலில்தான். அந்த நச்சரிப்பே நல்ல வாத்தியாரானது என்று நினைக்கத் தோன்றுகிறது. வார்ப்பிரும்பைத் தூக்கி எறிந்துவிட்டு எஃகுத் தகட்டை வெல்டிங் செய்தார்கள். பல மூட்டுகளுக்குப் பதில் கைப்பிடிக்கு ஒரே ஓர் அச்சு. கைப்பிடியின் நுனியில் பிறை வடிவத் தகடு, அதில் தொங்கும் சங்கிலி. பிடியை எப்படி அடித்தாலும் உள்ளே போகிற கம்பி கோணாமல் நேர்க்குத்தாக ஏறி இறங்கும். சோலாப்பூர் பம்பு என்று பெயர் நின்றது. தானே தொழில் கற்ற மெக்கானிக்கின் மூளைதான் அதன் பின்னால் இருந்தது.

அதை எடுத்து யுனிசெஃபும் இந்திய அரசும் திருத்தின. சென்னையில் இருந்த ‘மெராடோ’ ஆய்வு நிறுவனமும் அரசுத் தொழிற்சாலையான ரிச்சர்ட்சன் அண்டு குருடாஸும் கூடச் சேர்ந்தன. சோதிக்கத் தேர்ந்தெடுத்த இடம் கோயம்புத்தூர். தண்ணீர் ஆழத்தில், அடிக்கிற கைகளோ ஏராளம். பம்பை வதைக்க அதைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது. அங்கே தப்பிப் பிழைத்ததுதான் ‘இந்தியா மார்க் டூ’. எழுபதுகளின் கடைசியில் சென்னையில் உற்பத்தி தொடங்கியது. யாரும் காப்புரிமை கேட்கவில்லை. அதனால் எந்த நாட்டுப் பட்டறையும் செய்யலாம் என்றாகி, தொண்ணூறுகளுக்குள் உலகம் முழுவதும் லட்சக்கணக்கில் பரவியது. உகாண்டாவில் ‘யூ டூ’ என்று அழைக்கிற பம்பு இதன் வாரிசு. ஹூஸ்டன் பையன்கள் ஆப்பிரிக்கக் கிராமத்தில் படம் எடுத்துக்கொள்ளும் பம்பு சில நேரம் கோயம்புத்தூரில் பாஸான பம்பாகவும் இருக்கும்.

மார்க் டூவிலும் ஒரு குறை இருந்தது. அடியில் உள்ள சிலிண்டரில் தோல் வாஷர் தேய்ந்தால், ஆழத்தில் கிடக்கிற குழாய் அத்தனையையும் ஒவ்வொன்றாகக் கழற்றி மேலே இழுக்கவேண்டும். அதற்கு முக்காலி வேண்டும், வண்டி வேண்டும், ஆட்கள் வேண்டும். வண்டி மாவட்டத் தலைநகரிலிருந்து வரவேண்டும். எண்பதுகளில் மறுபடி கோயம்புத்தூரிலேயே உட்கார்ந்து தோலுக்குப் பதில் நைட்ரைல் ரப்பரைப் போட்டுப் பார்த்தார்கள். குழாயையும் அகலமாக்கினார்கள். குழாயை அசைக்காமலே பிஸ்டனை மட்டும் உருவி எடுக்கலாம் என்ற நிலை வந்தது. அதுதான் மார்க் த்ரீ.

பம்பைவிடப் பராமரிப்பு ஏற்பாடுதான் சுவாரசியம். தமிழ்நாட்டில் ஊருக்கு ஒரு பராமரிப்பாளர், ஒன்றியத்துக்கு ஒரு மெக்கானிக், மாவட்டத்துக்கு ஒரு வண்டி என்று மூன்று அடுக்கு. காகிதத்தில் அழகாக இருந்தது. நடைமுறையில் கிராமத்தார் போட்ட மனு மேலே போய் வண்டி கீழே வருவதற்குள் வாரங்கள் ஓடின. ராஜஸ்தானத்தின் திலோனியாவில் ஒரே அடுக்குப் போதும் என்றார்கள். கிராமத்து இளைஞனுக்கே பயிற்சி கொடுத்து, ஸ்பானரைக் கையில் தந்து, பம்பு மிஸ்திரி ஆக்கினார்கள். பின்னால் பெண்களும் வந்தார்கள்.

ஆழத்துத் தண்ணீர் என்றால் சுத்தம் என்ற நம்பிக்கையும் வெளியிலிருந்து வருகிறவர்களை ஏமாற்றும். தண்ணீரில் உள்ள ஃப்ளோரைடால் எலும்பு வளைகிற நோயை இந்தியாவில் முதலில் பதிவு செய்தது சித்தூருக்குப் பக்கத்து நெல்லூர் மாவட்டத்தில்தான், 1937-ல். வங்கதேசத்தில் குளத்து நீரிலிருந்து குழந்தைகளைக் காப்பாற்ற எழுபதுகளிலிருந்து லட்சக்கணக்கில் போட்ட குழாய்க் கிணறுகளில் ஆர்செனிக் இருந்தது பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. நிறமில்லை, வாசனையில்லை. ரிப்பன் வெட்டுகிற அன்று அது கண்ணில் படாது.

ராயலசீமையில் வேறொரு பாதையும் உண்டு. உலகமெங்கும் பக்தர்களைக் கொண்ட புட்டபர்த்தி சத்ய சாயி டிரஸ்ட் 1995-ல் அனந்தபூர் கிராமங்களுக்குக் குடிநீர் கொண்டுவந்தது. பிறகு கண்டலேறு–பூண்டி கால்வாயைச் சீரமைத்துத் தந்தது. இன்றைய திருப்பதி மாவட்டத்தைக் கடந்து ஊத்துக்கோட்டை வழியாகச் சென்னைக்கு வருகிற தெலுங்கு கங்கை அதுதான். அங்கே பக்தர் யாரும் மண்வெட்டி எடுத்துப் படம் பிடித்துக்கொள்ளத் தேவைப்படவில்லை. தொழில் தெரிந்த ஒப்பந்ததாரர்கள் வேலை செய்தார்கள்.

சித்தூர்ப் பக்கத்தில் அடிபம்புக்கு வந்த ஆபத்து வேறு. மார்க் டூ சுமார் 150 அடி ஆழத்திலிருந்துதான் சுகமாக இறைக்கும். 2004-ல் ஆந்திரத்தில் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசமானது. மாந்தோப்புக்கும் கரும்புக்கும் மோட்டார்கள் ஓடின. நீர்மட்டம் பம்பின் கைக்கு எட்டாத ஆழத்துக்குப் போனது. பல தெருக்களில் அதே துளைக்குள் மோட்டாரை இறக்கி, மேலே ஒரு கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியை வைத்துவிட்டார்கள். கைப்பிடியைக் கழற்றிய பம்பின் அடிப்பாகம் மட்டும் பிடுங்குவாரில்லாமல் நிற்கிறது. வெல்டிங் உறுதியான எஃகு. ஆடு கட்டத் தோது.