மரமா வளருற சப்பாத்திக்கள்ளி



"கோடையில ஆட்டுக்குத் தீவனம் இல்லை, முள்ளில்லாக் கள்ளி போடலாம்னு சொல்றாங்களே, அது எது?" ஆட்டுக்குக் கடன் வாங்குன உறுப்பினர்கள் பலருக்கும் இந்தச் சந்தேகம் இருக்கு. முதல்ல அந்தச் செடியைத் தெரிஞ்சுக்குவோம்.

நம்ம வேலியோரம் இருக்கிற சப்பாத்திக்கள்ளி புதராத்தான் படரும். அதே இனத்துல இது பெரிய அக்கா. 3 முதல் 5 மீட்டர் வரை வளரும். வயசாக ஆக அடித்தண்டு உருண்டு, கட்டை பாய்ஞ்சு நிஜ மரமாவே நிக்கும். தாவரவியல் பெயர் ஒபன்ஷியா ஃபைகஸ் இண்டிகா. பேருல இந்தியா இருக்கே தவிர, சொந்த ஊர் மெக்சிகோ. அங்கே இளம் மடலை முள் சீவிட்டு, காய்கறியா சமைச்சுச் சாப்பிடுறாங்க.

நாம இலைன்னு நினைக்கிற சப்பட்டை மடல் உண்மையில தண்டுதான். நிஜ இலை இளம் மடல்ல குட்டியா முளைச்சு சீக்கிரமே உதிர்ந்துடும். பச்சைத் தண்டே உணவு தயாரிக்குது. பகல் வெயில்ல கதவைச் சாத்திட்டு ராத்திரி திறந்து வைக்கிற வீடு மாதிரி, இது தன் நுண்துளைகளை ராத்திரிதான் திறக்கும். அதனால தண்ணி வீணாகாது. மடல் ஓரத்துல மஞ்சள், ஆரஞ்சு நிறத்துல பூ வரும். பூவுக்கு அடியில இருக்கிற பகுதியே பழமாயிடும்.

முள்ளில்லா ரகம்னு வாங்குனாலும் ஏமாந்துடாதீங்க. மடல்ல புள்ளி புள்ளியா இருக்கிற இடத்துல மயிர் மாதிரி சுணை முள் இருக்கலாம். கொக்கி போட்டு ஏறும், பிடுங்க வராது. ஆட்டு வாயில ஏறினா அது மேய்ச்சலையே விட்டுடும். பழைய துணியால தேய்ச்சுப் பாருங்க. சுணை இருந்தா தீயில வாட்டித்தான் போடணும்.

இன்னொண்ணு. 10 கிலோ மடல்ல ஏறக்குறைய 9 கிலோ தண்ணிதான். புரதம் ரொம்பக் குறைவு. இதை மட்டுமே போட்டா ஆடு கழியும், இளைக்கும். துண்டா நறுக்கி, வைக்கோல், சோளத்தட்டையோட கலந்து, முதல்ல கொஞ்சமாப் பழக்குங்க. புரதத்துக்கு அகத்தி, சூபாபுல் தழை சேருங்க.

நடுறதுக்கு விதை வேண்டாம். முத்தின மடலை வெட்டி, வெட்டுவாய் காயுற வரைக்கும் ஒன்றிரண்டு வாரம் நிழல்ல போட்டு வைங்க. அப்புறம் பாதி மண்ணுக்குள்ள இருக்கிற மாதிரி ஊனுங்க. தண்ணி தேங்குற இடம் மட்டும் வேண்டாம், அழுகிடும்.