ஒரு தேக்கரண்டிச் சோம்பின் கணக்கு

தென் கொல்கத்தாவில் ராஷ்பிகாரி அவென்யூவைக் கரியாஹாட் சாலை குறுக்கிடும் நாற்சந்தியை ஒட்டி அமைந்துள்ளது கரியாஹாட் சந்தை. வங்காளத்தில் ‘ஹாட்’ என்றாலே சந்தைதான். நடைபாதைப் புடவைக் கடைகளைக் கடந்து உள்ளே சென்றால் மீன், காய்கறி, மளிகை என்று தனித்தனிப் பகுதிகள் விரிகின்றன. இங்கே சோம்பு வாங்க விரும்பும் தமிழர் அதன் வங்காளப் பெயரை முதலில் அறிந்திருக்க வேண்டும். அது ‘மௌரி’. ‘ஜீரே’ என்று கேட்டால் சீரகமும், ‘காலோ ஜீரே’ என்று கேட்டால் கருஞ்சீரகமும் வந்து சேரும். இந்தப் பெயர்க் குழப்பம் நமக்கும் புதிதன்று. சோம்பு என்று நாம் அழைப்பதையே இலங்கைத் தமிழர் பெருஞ்சீரகம் என்பர்.

இதே ராஷ்பிகாரி அவென்யூவில் மேற்கே சிறிது தொலைவு சென்றால் லேக் மார்க்கெட். தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்துவரும் அப்பகுதியில் வாழையிலையும் கறிவேப்பிலையும் தட்டின்றிக் கிடைக்கும். ஆக, இந்த ஒரே சாலையில் சோம்பை விரும்பும் இரண்டு சமையல் மரபுகள் அருகருகே வாழ்கின்றன. நாம் குருமாவிலும் மசால்வடையிலும் செட்டிநாட்டுக் குழம்பிலும் சேர்ப்பதை, வங்காளியர் ‘பாஞ்ச் ஃபோரன்’ என்னும் ஐந்து விதைத் தாளிப்பில் சேர்க்கின்றனர். சீரகம், கருஞ்சீரகம், வெந்தயம், சோம்பு ஆகியவற்றுடன் ஐந்தாவதாக ‘ராந்துனி’ என்ற ஓமத்தை ஒத்த சிறுவிதை; அது கிடைக்காத வீடுகளில் கடுகு. உளுத்தம்பருப்பை வேகவைத்து, இஞ்சியையும் சோம்பையும் அரைத்துச் சேர்க்கும் ‘பியூலிர் டால்’ வெயில் காலத்து வங்காள வீடுகளின் உணவு. மால்புவா என்னும் இனிப்பிலும் சோம்பு உண்டு.

இனி அதன் சத்துக்கு வருவோம். நூறு கிராம் சோம்பில் ஏறக்குறைய 345 கலோரி ஆற்றலும், 16 கிராம் புரதமும், 40 கிராம் நார்ச்சத்தும், 1,200 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்தும், 18.5 மில்லிகிராம் இரும்பும், 1,700 மில்லிகிராம் அளவுக்குப் பொட்டாசியமும் உள்ளன. இந்த எண்களைப் பார்க்கும் எவருக்கும் வியப்பு உண்டாகும். பாலில் நூறு கிராமுக்குச் சுண்ணாம்புச் சத்து சுமார் 120 மில்லிகிராம்தான். அப்படியானால் சோம்பு பாலினும் பத்து மடங்கு உயர்ந்ததா? இத்தகைய ஒப்பீடுகள் கைப்பேசிச் செய்திகளில் நாள்தோறும் வலம் வருகின்றன. எண்கள் சரியானவையே. ஆனால் நூறு கிராம் சோம்பை ஒரு நாளில் உண்பவர் யார்?

ஆண்டு வட்டி விகிதத்தைப் பார்த்துவிட்டு, ஒரு நாள் வைப்புக்கு அத்தொகை முழுவதையும் எதிர்பார்ப்பவர் எவரும் இலர். உணவு அட்டவணையையும் அவ்வாறே படிக்க வேண்டும். ஒரு தேக்கரண்டிச் சோம்பின் எடை சுமார் 2 கிராம். அதில் 7 கலோரியும், 0.8 கிராம் நார்ச்சத்தும், 24 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்தும், 0.37 மில்லிகிராம் இரும்பும் அடங்கும். ஒரு குவளைப் பால் தரும் சுண்ணாம்புச் சத்தைப் பெறப் பத்துத் தேக்கரண்டி சோம்பு மெல்ல வேண்டும். தாளிப்பின் கணக்கு இன்னும் சிறிது. ஒரு தேக்கரண்டி பாஞ்ச் ஃபோரனில் சோம்பு ஐந்தில் ஒரு பங்கு. நால்வர் உண்ணும் குழம்பில் ஒருவர் பங்குக்கு வருவது 0.1 கிராம்.

இக்கணக்கை நாம் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் இரும்புச் சத்து. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேர் இரத்தசோகை உடையவர்கள். தமிழ்நாட்டில் இது 53. மேற்கு வங்கத்தில் 71. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, வயதுவந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்பு தேவை. அதைச் சோம்பிலிருந்து மட்டும் பெற ஏறக்குறைய எண்பது தேக்கரண்டி வேண்டும். மேலும், தாவர உணவிலுள்ள இரும்பில் சிறு பகுதியைத்தான் உடல் ஈர்த்துக்கொள்கிறது. உணவு முடிந்ததும் சோம்பை மென்று, உடனே மண்குவளைத் தேநீரும் பருகினால், தேநீரின் துவர்ப்புப் பொருள்கள் அந்த ஈர்ப்பையும் குறைத்துவிடும். மருத்துவர் தந்த இரும்பு மாத்திரையை நிறுத்திவிட்டுச் சோம்பு நீரை நம்பியிருப்பது வீட்டுப் பெண்களின் உடல்நலத்துக்கு நேரடியான இழப்பாகும்.

சந்தையின் மீன் பகுதியிலேயே இதைவிடச் சிறந்த சத்து கிடைக்கிறது. பெயரில் மௌரியை ஒத்த ‘மௌரலா’ என்னும் விரலளவு மீனை வங்காளியர் முள்ளோடு வறுத்து உண்பர். முள்ளும் சேர்வதால் சுண்ணாம்புச் சத்து மிகுதி. மரக்கறி உண்போருக்குக் கீரையும் பருப்பும் கேழ்வரகும் உண்டு. கீரையோடு எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்பு எளிதில் உடலில் சேரும். தேநீரை ஒரு மணி நேரம் தள்ளி வைக்கலாம்.

அப்படியானால் சோம்பினால் பயனே இல்லையா என்று கேட்கலாம். உண்டு, ஆனால் அது வேறு வகைப் பயன். சோம்பின் இனிய மணத்துக்குக் காரணம் அதன் எண்ணெயில் மிகுந்துள்ள அனித்தோல் என்னும் பொருள். அன்னாசிப்பூவிலும் அதுவே மணக்கிறது. இலேசான கசப்பு ஃபென்கோன் என்னும் மற்றொரு பொருளால் வருவது. இவ்வெண்ணெய் குடல் தசைகளைத் தளர்த்தும் இயல்புடையது. உணவுக்குப் பின் சோம்பு மெல்லும் வழக்கம் நாடெங்கும் வேரூன்றியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். சர்க்கரை சேர்க்காமலே இனிப்புச் சுவை தருவது, நீரிழிவு உடையோருக்கு ஓர் அனுகூலம். உணவகங்களில் வண்ண வண்ணமாக வைக்கப்படும் சோம்பு மிட்டாய்க்கு இது பொருந்தாது. அதில் சோம்பைவிட அதன்மேல் பூசிய சர்க்கரையே மிகுதி.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. வயிற்று வலிக்கு என்று பச்சிளங்குழந்தைக்குச் சோம்பு நீர் புகட்டும் வழக்கம் பல வீடுகளில் நிலவுகிறது. முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பாலன்றித் தண்ணீர்கூட வேண்டாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. கருவுற்ற பெண்கள் சமையலில் சேரும் அளவுக்கு அஞ்ச வேண்டியதில்லை. செறிந்த சோம்பு எண்ணெயையும் மருந்தளவுக் கஷாயத்தையும் மருத்துவரைக் கேளாமல் உட்கொள்ளலாகாது.

வாங்கும்போது மிகப் பளிச்சென்ற பச்சை நிறத்தைக் கண்டு மயங்க வேண்டாம். சிறிதளவு எடுத்துத் தண்ணீரில் இட்டால், சாயம் ஏற்றிய சோம்பிலிருந்து பச்சை நிறம் விரைவில் கரைந்து பரவும். நல்ல சோம்பு வெளிறிய பசுமையோடு, விரலிடையில் கசக்கியதும் மணக்கும். மெல்லிய, இனிப்பு மிகுந்த லக்னோ சோம்பு வாயில் மெல்வதற்கு ஏற்றது. குழம்புக்குப் பருத்த வகையே போதும். பொடியாக வாங்கினால் மணம் விரைவில் போய்விடும். கொல்கத்தாவின் மழைக்கால ஈரத்தில் முழு விதையும் நமுத்துவிடும் என்பதால், ஐம்பது கிராம் அளவில் வாங்கி, இறுக மூடிய கண்ணாடிப் புட்டியில் வைத்து, வேண்டும்போது இலேசாக வறுத்துப் பொடிப்பதே நல்லது.