காட்டுத் தீப் புகையும் கோடை உஷ்ணமும்

2018-ம் வருஷம் மார்ச்சு மாதம் 11-ந் தேதி தேனி ஜில்லா குரங்கணி மலையில் மூண்ட காட்டுத் தீ, மலையேறச் சென்ற இருபதுக்கு மேற்பட்டோரின் உயிரைக் கொண்டது. அத்தகைய தீ மலைமேலேயே நின்றுவிடினும், அதன் புகை இரவில் கீழிறங்கி அடிவாரக் கிராமங்களில் படியும். கோடையில் புகைக்கு அஞ்சிக் கதவை அடைத்தால் வீடு புழுங்கும். திறந்தால் புகை நுழையும்.

புகையின் நுண்துகள்கள் தலைமயிரின் கனத்தில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கே உள்ளவை. ஈரத்துணியைக் கடந்து நுரையீரலின் ஆழத்தை அடைவன. முகத்தில் நன்கு பொருந்தும் என்-95 முகக்கவசமே அவற்றைத் தடுக்க வல்லது. எனினும் உஷ்ணத்தின் அபாயமே விரைவானது. ஆகையால் புகை அடர்ந்த விடியற்காலையில் கதவை அடைத்து, வெயிலேறிப் புகை விலகியதும் திறத்தல் நலம். புகை விலகாமல் வீடும் புழுங்குமாயின், முதியோர், குழந்தைகள், கர்ப்பிணிகள் ஆகியோரைக் குளிர்ச்சியான வேறிடத்துக்குக் கொண்டுபோதல் வேண்டும்.

தேக உஷ்ணம் 104 டிகிரிக்கு ஏறிப் பிதற்றலோ மயக்கமோ கண்டால் அது உயிர்க்கு அபாயம். உடனே 108 ஆம்புலன்சுக்குத் தெரிவித்து, அவரை நிழலில் கிடத்தி, உடல் முழுதும் தண்ணீர் ஊற்றி விசிறுதல் வேண்டும். நினைவற்றவர் வாயில் நீர் புகட்டலாகாது.

சங்கத்தார் மாசியிலேயே முகக்கவசங்களை வாங்கி, குளிர்ந்த கட்டடம் ஒன்றையும் குறித்துவைப்பின், சித்திரையில் அலைய நேராது.