நாய் துணைதான், மருந்து அல்ல!

“டாக்டர், ஒரு லெட்டர் மட்டும் வேணும்.”

சில வருடங்களாக மனநல ஓ.பி.யில் அடிக்கடி என் காதில் விழும் வேண்டுகோள் இது. விடுப்புக் கடிதமோ ஃபிட்னஸ் சர்டிஃபிகேட்டோ இல்லை. ‘இவருக்குப் பதற்ற நோய் இருக்கிறது, இவருடைய நாய் எப்போதும் இவருடன் இருக்க வேண்டும்’ என்று எழுதித் தர வேண்டுமாம். ஒருவருக்கு அபார்ட்மென்ட் அசோசியேஷனிடம் காட்ட வேண்டும். இன்னொருவருக்கு மால் வாசலில் செக்யூரிட்டியிடம் நீட்ட வேண்டும். அமெரிக்காவில் இருக்கும் மகனைப் பார்க்கப் போகும் அம்மாவுக்கு, விமானத்தில் நாயைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.

கடிதம் கேட்பதில் எனக்கு வருத்தமில்லை. “எத்தனை நாளா இந்தப் படபடப்பு?” என்றால் “ரெண்டு வருஷமா” என்கிறார்கள். “யார்கிட்டயாவது காட்டினீங்களா?” என்றால், “இல்ல டாக்டர், அதான் நாய் வாங்கிட்டோமே!” என்கிறார்கள். இந்தப் பதிலுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் நாய், கடைசியில் டாக்டர்

அடையாளங்களை மாற்றி ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பழைய மகாபலிபுரம் சாலையில் ஐ.டி. வேலை. கம்பெனி பஸ்ஸில் போகும்போது ஒருநாள் நெஞ்சு அடைத்து, கை மரத்து, உயிரே போய்விடும் போல் இருந்திருக்கிறது. ஈ.சி.ஜி.யில் ஒன்றுமில்லை. ‘கேஸ்தான்’ என்று ஓமத் தண்ணீர் குடித்தார். அடுத்த முறை வந்தபோது நண்பர் பாதி அல்பிரசோலம் கொடுத்தார். அதன் பிறகு, யூடியூபில் யாரோ சொன்னதைக் கேட்டு ஒரு பீகிள் குட்டி வாங்கினார்.

குட்டி காரில் பக்கத்து சீட்டில் இருந்தால் படபடப்பு வரவில்லை. அதனால் பஸ்ஸை விட்டார். ஆபீஸில் நாய்க்கு அனுமதி இல்லை என்றதும் வீட்டிலிருந்தே வேலை என்று மாற்றிக்கொண்டார். பிறகு நாய் இல்லாமல் கடைக்குப் போக முடியவில்லை. முடிவெட்டிக்கொள்ளவும் போக முடியவில்லை. நாய்க்கு உடம்பு சரியில்லாமல் கால்நடை மருத்துவமனையில் விட வேண்டிவந்த இரவில், இவரை ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள்.

பயந்த இடத்திலேயே சற்று நேரம் நின்றால் பேனிக் அட்டாக் பெரும்பாலும் சில நிமிடங்களில் உச்சம் தொட்டுத் தானாக இறங்கும். அதை உடம்பு நேரடியாக அனுபவித்துப் பழகுவதுதான் சிகிச்சையின் பாதி. பக்கத்தில் எப்போதும் நாய் இருந்தால், ‘நாய் இருந்ததால் தப்பித்தேன்’ என்று மனம் கணக்கு எழுதிக்கொள்ளும். பயம் குறையாது, நாய் போக முடியாத இடமெல்லாம் நமக்கும் போக முடியாத இடமாகிவிடும். முதல் மாதமே வந்திருந்தால் எளிதில் சரிசெய்திருக்கக்கூடிய நோய் இது.

உதவி நாய் எது, செல்ல நாய் எது?

1916-ல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க்கில், முதல் உலகப் போரில் பார்வை இழந்த வீரர்களுக்காக வழிகாட்டி நாய்ப் பள்ளி தொடங்கியது. அமெரிக்காவில் ‘தி சீயிங் ஐ’ 1929-ல் வந்தது. சாலையில் வண்டி வரும்போது, எஜமானர் ‘போ’ என்றாலும் போகாமல் நிற்க அந்த நாய்க்குப் பழக்கியிருப்பார்கள். காது கேளாதவருக்குக் கதவு மணியை உணர்த்தும் நாய், சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு விழுந்த பொருளை எடுத்துத் தரும் நாய், போர் அதிர்ச்சியால் கெட்ட கனவில் அலறும் முன்னாள் வீரரைத் தட்டி எழுப்பும் நாய் ஆகியவையும் இந்த வகைதான். ஒரு குறைபாட்டுக்கு ஏற்ற குறிப்பிட்ட வேலையைச் செய்யப் பழக்கப்பட்டதே சர்வீஸ் டாக்.

எமோஷனல் சப்போர்ட் அனிமல் என்பது கூட இருப்பதாலேயே ஆறுதல் தரும் விலங்கு. அதற்குத் தனிப் பயிற்சி கிடையாது. அமெரிக்காவின் மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி அது சர்வீஸ் அனிமல் அல்ல. நாய் தரும் ஆறுதல் பொய் என்று நான் சொல்லவில்லை. நாயைத் தடவிக் கொடுத்தால் மனம் இளகும். அதைக் கூட்டிக்கொண்டு நடந்தால் உடம்புக்கும் நல்லது. ஆனால் ஆறுதல் வேறு, சிகிச்சை வேறு.

தவறான நம்பிக்கைகள்

‘டாக்டர் லெட்டர் இருந்தால் எங்கே வேண்டுமானாலும் கூட்டிப் போகலாம்.’ முடியாது. அமெரிக்காவிலேயே ஓட்டலும் கடையும் இந்த லெட்டரை ஏற்கத் தேவையில்லை. வாடகை வீட்டு விஷயத்தில் மட்டும் அதற்கு ஓரளவு மதிப்புண்டு. 2021 ஜனவரி முதல், ஆறுதல் விலங்குகளைச் சாதாரணச் செல்லப் பிராணியாகவே நடத்த அங்கே விமான நிறுவனங்களுக்கு உரிமை வந்துவிட்டது. அதோடு, 2024 ஆகஸ்ட் முதல் அமெரிக்காவுக்குள் வரும் நாய்க்கு ஆறு மாதம் நிறைந்திருக்க வேண்டும், மைக்ரோசிப் இருக்க வேண்டும். வெறிநோய் அபாயம் அதிகமுள்ள நாடுகளின் பட்டியலில் இந்தியாவும் இருப்பதால் தடுப்பூசி தொடர்பான நிபந்தனைகளும் உண்டு. என் கையெழுத்தைப் பார்த்து இவற்றையெல்லாம் யாரும் தள்ளுபடி செய்ய மாட்டார்கள்.

‘ஆன்லைனில் பணம் கட்டி நாய்க்கு சர்வீஸ் டாக் ஐடி கார்டும் மேலங்கியும் வாங்கிவிட்டேன்.’ பணம்தான் போனது. அமெரிக்க அரசு இதற்கென்று எந்தப் பதிவேடும் வைத்திருக்கவில்லை. அங்கே கடைக்காரர் கேட்கக்கூடியவை இரண்டே கேள்விகள்: குறைபாட்டின் காரணமாகத் தேவைப்படும் நாயா? என்ன வேலைக்குப் பழக்கியிருக்கிறீர்கள்? மேலங்கி மாட்டிய பழகாத நாய் ஒன்று குரைத்துப் பாய்ந்தால், அடுத்து உண்மையான வழிகாட்டி நாயோடு வருபவரையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

‘நாய் வந்தபின் மாத்திரை எதற்கு?’ இதைக் கேட்டால் எனக்குக் கோபமே வரும். மனச்சோர்வு மாத்திரைகள் பலன் தரவே சில வாரங்கள் ஆகும். பாதியில் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் வரும்; நோயும் திரும்பும். அல்பிரசோலம் போன்றவற்றைச் சீட்டில்லாமல் மெடிக்கலில் வாங்கிப் போடுவது அதைவிட மோசம்; பழக்கமாகிவிட்டால் விடுவது பெரும்பாடு.

‘வலிப்பு வருமுன், சர்க்கரை இறங்குமுன் நாயே சொல்லிவிடும்.’ வலிப்பு வந்தபின் உதவியைக் கூப்பிட நாயைப் பழக்கலாம். முன்கூட்டியே சொல்லும் என்று நம்பி வலிப்பு மாத்திரையை விட்டால், நிற்காத வலிப்பில் உயிர் போகலாம். சர்க்கரைக்கும் அப்படியே, நாய் எச்சரித்தாலும் எச்சரிக்காவிட்டாலும் குளுக்கோமீட்டரை எடுங்கள்.

‘அம்மாவுக்கு மனசு சரியில்லை, ஒரு குட்டி வாங்கிக் கொடுத்தால் சரியாகிவிடுவார்.’ தலைவாரிக்கொள்ளக்கூட எழ முடியாதவரிடம், விடிகாலையில் மூத்திரம் துடைக்கும் வேலையைச் சேர்த்துக் கொடுக்கிறீர்கள். அதையும் செய்ய முடியாதபோது, ‘இந்த வாயில்லாத ஜீவனைக்கூடப் பார்த்துக்க முடியலையே’ என்று குற்ற உணர்ச்சி கூடுகிறது. முதலில் சிகிச்சை நடக்கட்டும். அவர் தேறி, அவரே விரும்பினால் நாய் வாங்கலாம்.

‘எங்கள் நாய் யாரையும் ஒன்றும் செய்யாது.’ 2024 மே மாதம் சென்னை ஆயிரம்விளக்குப் பகுதி மாநகராட்சிப் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறிய இரண்டு ராட்வீலர்களும் வளர்ப்பு நாய்கள்தாம். மால் இரைச்சல், லிஃப்ட் நெரிசல், பட்டாசுச் சத்தம் எல்லாம் நாய்க்கு வேதனை. அடிக்கடி கொட்டாவி விடுவதும், உதட்டை நக்குவதும், முகத்தைத் திருப்பி வாலைச் சுருட்டுவதும் ‘என்னை விட்டுவிடு’ என்று அது சொல்வதற்கு அடையாளம். நம் பதற்றத்துக்கு ஆறுதல் தேடி அதைப் பதறவைப்பது என்ன நியாயம்?

‘வீட்டு நாய்தானே, நக்கினால் புண் ஆறும்.’ ஆறாது. தோல் கிழிந்த இடத்தில் நாய் நக்கினாலும் உலக சுகாதார நிறுவனம் அதை வெறிநோய் அபாயத்தில் மிகக் கடுமையான மூன்றாம் வகை என்கிறது. ஆழமான கடியும் அதே வகைதான்.

கடித்தால் மிளகாய்த்தூளைத் தேடாதீர்கள்

இன்னமும் சுண்ணாம்பு, காப்பித்தூள், மிளகாய்த்தூள் அப்பிய காயங்களோடு வருகிறார்கள். வேர் கட்டி, தண்ணீர் மந்திரித்துக் குடித்து, பத்தியம் இருந்துவிட்டு வருகிறார்கள். வெறிநோயின் அறிகுறி தொடங்கிவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இல்லை. உலகில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இதில் இறப்பதாகக் கணக்கு. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில்.

குழாயைத் திறந்து, சோப்புப் போட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவுங்கள். எதையும் தடவாதீர்கள். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்பது பழைய கதை. இப்போது கையில்தான் போடுகிறார்கள். ஆழமான கடி என்றால் இம்யூனோகுளோபுலின் மருந்தைக் காயத்திலேயே செலுத்த வேண்டும். குட்டி நாய், தடுப்பூசி போட்ட நாய் என்று நீங்களே தீர்ப்புச் சொல்லாதீர்கள். அதை மருத்துவர் முடிவு செய்யட்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் தாராளமாக ஊசி போட்டுக்கொள்ளலாம். வலி போனதும் மூன்றாவது ஊசியோடு நிறுத்திவிடுபவர்களை என்ன சொல்லித் திருத்துவதென்று எனக்கே தெரியவில்லை.

பரிசோதனைகள்

மறுபடி பதற்றத்துக்கு வருவோம். டாக்டரிடம் போனால் ஏகப்பட்ட டெஸ்ட் எழுதுவார்களோ என்று பயப்பட வேண்டாம். பதற்றத்தோடு வருபவர்களுக்கு ஈ.சி.ஜி., தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை பார்ப்போம், பெரும்பாலும் அவ்வளவே.

கெஞ்சிக் கேட்கிறேன்

நாய் வளர்க்காதீர்கள் என்று சொல்லவில்லை. வளருங்கள், கொஞ்சுங்கள். மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு ஆண்டுதோறும் தவறாமல். மாநகராட்சி உரிமம் எடுங்கள். வாசலைத் தாண்டினால் கயிறு கட்டாயம். லிஃப்டில் ஒரு குழந்தை ஒதுங்கி நின்றால், அடுத்த லிஃப்டில் வாருங்கள். நாய்க்குப் பயப்படுவதும், நாய் முடியால் ஆஸ்துமா கிளம்புவதும் அந்தக் குழந்தையின் தப்பில்லையே!

நம் ஊரில் வழிகாட்டி நாய்கள் அபூர்வம். எங்காவது ஒன்றைக் கண்டால் தயவுசெய்து கூப்பிடாதீர்கள், தடவாதீர்கள், பிஸ்கட் போடாதீர்கள். அது வேலையில் இருக்கிறது. ஓட்டல்காரர்களே, அதோடு வருபவரை வாசலில் நிறுத்தாதீர்கள். அந்த நாய்தான் அவருக்குக் கண்.

படபடப்பும் தூக்கமின்மையும் இரண்டு வாரம் தாண்டினால் ஒருமுறை வந்து காட்டுங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் வரத் தயக்கமா? 14416-க்குப் போன் போடுங்கள். இது அரசின் டெலி மானஸ் இலவச உதவி எண், எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். வரும்போது நாயையும் கூட்டிக்கொண்டுதான் வருவேன் என்றால் அதுவும் சரிதான், வெளியே கட்டிவிட்டு உள்ளே வாருங்கள். லெட்டருக்காக மட்டும் வராதீர்கள், சிகிச்சைக்காக வாருங்கள். அதுவும் இரண்டு வருடம் கழித்து வேண்டாம், இந்த வாரமே.